யானைக்குப் போட்ட ரப்பர் செருப்பு

எங்கள் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அவர் மாமா, மற்ற எல்லோருக்கும் காதுக்காரர். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் மற்ற மெக்கானிக்குகள் மாதிரி உடனே ஸ்பானரைத் தூக்க மாட்டார். ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருக்கிறார். ஓடுகிற இன்ஜின்மேல் அதன் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் கடையில் யாரும் தும்மக்கூடக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து, "உள்ள செயின் தளந்திருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பிப்போனால் வண்டிக்காரர் ஓட்டுகிற லட்சணத்தைக் குறை சொல்வார்.

இப்பேர்ப்பட்ட காதுக்காரருக்கு வாய்த்த மனைவிக்குக் காது கேட்காது. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் இல்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் அக்காதான்.

பிறவியிலேயே வந்ததில்லை. துணி ஆலையில் தறிக்கூடத்தை மேற்பார்வை பார்த்தவள் அவள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் வருஷக்கணக்கில் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது காதில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறாள். அதோடு எதிராளியின் உதட்டையும் பார்த்தால்தான் பேச்சு புரியும். இதற்காக மாமா தன் மீசையைத் தியாகம் செய்தார். முறுக்கு மீசை அது. "உதட்ட மூடிக்கிட்டு ஒரு கூரை, எப்பிடிப் படிக்கறது?" என்று அக்கா கேட்டாள். மறுநாள் மழித்துவிட்டு வந்து நின்றார். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தன் குரல் தனக்குக் கேட்காததால் அக்கா ரொம்ப உரக்கப் பேசுவாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் அவள் கடைக்கு வந்து, "உங்க மாமாவுக்கு வயிறு ரெண்டு நாளா கல்லு மாதிரி கெடக்கு, எதாவது குடு" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவே மாமாவை நலம் விசாரித்தது.

அந்த அக்காவின் உயிர் ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்தது. தொலைதூரம் போவதற்கென்றே செய்த வண்டி. ரெட்டை சிலிண்டர், பிரம்மாண்டமான டேங்க், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். வீட்டில் அதற்கு யானை என்று பெயர். பழைய வண்டியாக வாங்கியது. அதில் மாமா வருஷத்துக்கு ஒன்றாக எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் முன்கண்ணாடியை உயரமாக்கினார், ஒரு வருஷம் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றினார், இன்னொரு வருஷம் இரட்டை விளக்கு. கோடைக்காலம் வந்தால் நானும் அக்காவும் அதில் ஏறி மலைக்குப் போவோம். உச்சியில் ஒரு கணவாய் இருக்கிறது, அங்கே ஒரு ஏரி. போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவளுக்குக் காதாக இருப்பேன்.

ஹெல்மெட்டுக்குள் காது மெஷின் விசிலடிக்கும் என்பதால் வண்டி ஓட்டும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவாள். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தட்டு பாஷை வைத்திருந்தோம். வலது தோளில் தட்டினால் பின்னால் ஒரு வண்டி முந்த வருகிறது. இடது தோளில் தட்டினால் ஒன்றும் பயமில்லை. முதுகில் குத்தினால் நிறுத்து. விலாவில் கிள்ளினால் பசிக்கிறது. கடைசிதான் அதிகம் பயன்பட்டது.

இந்த வருஷம் கோடைக்கு முன்னால் காது டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நரம்பு தேஞ்சுக்கிட்டே வருது. மிச்சம் இருக்கறதும் ஒருநாள் போயிடும். என்னைக்குன்னு சொல்ல முடியாது" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் மாமா பேசினார்.

"போதும்மா. யானைய வித்துடலாம்."

"அது போனப்பறம் பாத்துக்கலாம். இப்ப இருக்குல்ல?"

"ரோட்டுல இருக்கும்போது போச்சுன்னா?"

"பின்னாடி இவ இருக்கா."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெரிதாக நம்பிக்கை இல்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வண்டியை மாமா தன் மனசுக்குத் திருப்தியாகும்வரை சரிசெய்வார். அப்புறம் அக்கா போகலாம்.

மாமாவின் மனசுக்குத் திருப்தி என்பது லேசில் வருகிற சமாச்சாரமா? வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். புது டயர், புது செயின், பிரேக்குக்குப் புது ஆயில். பக்கக் கண்ணாடிகளைச் சட்டி அகலத்துக்குப் பெரிசாக்கினார். இதெல்லாம் சரி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா உடம்பு நோகாமல் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அலுப்பு வந்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் காதில்லாதவள் என்ன செய்வாள் என்று அவருக்குப் பயம். அதனால் கால் வைக்கிற இரும்பு ஃபுட்ரெஸ்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டை விரல் கனத்துக்கு ரப்பர் போட்டதை மாட்டினார். ஹேண்டில்பாருக்கு அடியில் ரப்பர், கைப்பிடியில் ஜெல், சீட்டில் ஜெல். அக்கா தேய்ந்துபோன ஒரு மெல்லிய தோல் ஷூவைத்தான் எப்போதும் போடுவாள். அதையும் பிடுங்கிக்கொண்டு, முழங்கால்வரை வருகிற, அடிப்பாகம் செங்கல் கனத்துக்கு இருக்கிற பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

வேலை முடிந்த அன்று எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி சீட்டின்மேல் வைத்தார்.

"பாரு, பாரு! ஒரு அலை வருதா பாரு!"

வரவில்லை. அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அக்கா அவர் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஏறினாள். நான் பின்னால் ஏறினேன்.

முதல் திருப்பத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா கியர் மாற்றவில்லை. இன்ஜின் கதறுகிறது, இவள் பாட்டுக்கு முறுக்குகிறாள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது கதறல் என்று தெரிந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது? எங்கள் தட்டு பாஷையில் அதற்குத் தட்டு இல்லை. இத்தனை வருஷத்தில் தேவைப்பட்டதே இல்லை. பிறகு சந்திப்பில் தப்பான கியரில் கிளம்பி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டது. நான் பதற்றத்தில் அவளுடைய வலது தோள், இடது தோள், முதுகு எல்லாவற்றையும் தட்டிவிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் ஈயாடவில்லை. "எப்பிடி இருக்கு?" என்று மாமா ஆசையாகக் கேட்டார். "நல்லா இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்தியபிறகுதான் என்னிடம் சொன்னாள். அவளுக்கு ரகசியம் பேச வராது. கதவைச் சாத்தியும் பெரிதாகப் பயனில்லை. நல்லவேளை, மாமா கடையிலேயே இருந்தார்.

"வண்டி செத்துப்போச்சுடி. ஒண்ணுமே கேக்கல."

"நான் பேசறது கேக்குதுல்ல?"

"மெஷின் இருக்கு, உன் வாயும் இருக்கு. ஆனா வண்டிச் சத்தம் மெஷினே இல்லாம கேட்டுட்டு இருந்துச்சு. இத்தன வருஷமா. எந்த கியர்ல போவுது, எங்க மூச்சு முட்டுது, எல்லாம் கேக்கும். இன்னைக்கு ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. டாக்டர் சொன்ன நாள் வந்துடுச்சு."

அடுத்த அறையிலிருந்து நான் கத்தினால் கேட்காதவளுக்கு வண்டி மட்டும் எப்படிக் கேட்டது? அப்போது எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. அவள் அழுததைப் பார்த்து நானும் சேர்ந்து அழுதேன். வேறென்ன செய்வது.

மாமாவிடம் அவள் வேறு கதை சொன்னாள். வயசாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, யானையை விற்றுவிடலாம் என்றாள். தன் காது போய்விட்டது என்று தெரிந்தால் மனுஷன் இடிந்துபோவார் என்று அவளுக்குப் பயம். அவர் கேட்டது அப்படியே கிடைத்தது. இருந்தும் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "சீட்டு இன்னும் மெத்துன்னு வேணுமா? அடியில இன்னொரு ரப்பர் குடுக்கட்டா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

வண்டி வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். நெட்டையான மனிதர். யானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு வண்டி பிடித்திருந்தது, மாமாவின் வேலைப்பாடுதான் பிடிக்கவில்லை.

"எனக்கு இந்த மெத்தை கித்தையெல்லாம் வேணாம். கம்பெனில வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே மாட்டிக் குடுத்துடுங்க."

"பல்லப் புடுங்கறவருக்குச் சொகுசு புடிக்கலையாம்" என்று மாமா என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா ரப்பரையும் கழற்றி, மூலையில் கிடந்த பழைய ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, சீட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். கடைசியாக ஒரு தடவை தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று அக்கா வந்திருந்தாள். வண்டியை விற்கும்போது புது பூட்ஸையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று துடைத்து வைத்துவிட்டு, தேய்ந்த ஷூவைப் போட்டிருந்தாள். காது மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் தூக்கி வைத்தாள். சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டி அசையவில்லை.

அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. இருட்டு அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி அந்த முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. கொஞ்சம் முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். பிறகு சட்டென்று புருவம் சுருங்கியது. இன்ஜினை அணைத்தாள்.

"கேக்குது!" என்று கத்தினாள். கடைக்கு எதிரே போன ஆள் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, வண்டி பேசுது! ஆனா எதோ சரியில்ல. இடது பக்கம். நடுவாந்தரமா முறுக்கினா ஒரு விக்கல் வருது."

காது மெஷினை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டார். மேலே, கீழே, இடது, வலது என்று எல்லா இடமும் கேட்டார்.

"இன்ஜின் மணி மாதிரி இருக்கு. ஒரு விக்கலும் இல்ல."

"இருக்கு."

பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "என்ன சார், விக்க மனசில்லன்னா நேராச் சொல்லுங்க. காது கேக்காத அம்மாவுக்குச் சத்தம் கேக்குது, உங்களுக்குக் கேக்கலன்னா நான் நம்பணுமா? என் காதுல பூ சுத்தாதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதேதான் தோன்றியது. அக்கா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கோபப்படவில்லை. கீழே இறங்கி, இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புத் துண்டின்மேல் விரலை வைத்தாள். இடது ஃபுட்ரெஸ்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிராக்கெட். "இங்க" என்றாள்.

மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். வழவழவென்று கறுப்புப் பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே திட்டியிருப்பார். ஆனால் அவளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போல்ட்டைக் கழற்றி பிராக்கெட்டை வெளியே எடுத்தார். உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து இரும்பு வெளுக்கும்வரை விடவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எடுத்து ஈரம் போகத் துடைத்தார். கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸைப் பொடித்து அதன்மேல் மெல்லியதாகப் பூசினார். சுத்தியலால் லேசாகத் தட்டி மேஜைமேல் வைத்தார்.

நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பொடி. வேறொன்றும் இல்லை. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பொடிக்குள்ளிருந்து ஒரு கோடு வந்தது.

முதலில் எறும்பு நீளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்தது. உள்ளே விரிசலில் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் பொடியை நனைத்து நனைத்து, மயிரிழைக் கோடாக போல்ட் துளையிலிருந்து விளிம்புவரை போய் நின்றது. அக்கா விரல் வைத்த அதே இடம். பல முறை கோயிலிலும் கடற்கரையிலும் நின்றிருக்கிறேன். இப்படி வாயடைத்து நின்றதில்லை.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "மலை எறக்கத்துல இது விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

அடுத்துப் பேசியது பல் டாக்டர்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "எங்க தொழில்லயும் இப்பிடி உண்டுங்க. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தப் பல்லுதான்னு வந்தவங்க விரல் வெப்பாங்க. தொறந்து பாத்தா விரிசல் இருக்கும்." அக்காவுக்குப் புரியும்படி அவள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, அடுத்தவங்க பல்லப் புடுங்கி நான் மாட்டிக்க முடியாது. வண்டிய நீங்களே வெச்சுக்கங்க." போகும்போது யானையின் டேங்கை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு மாமா கேட்டார். "அன்னைக்கு ஓட்டிட்டு நல்லா இருக்குன்னியே. அன்னைக்கு இது கேட்டுச்சா?"

"அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. காது முழுசாப் போயிடுச்சுன்னு நெனச்சேன். அதான் விக்கலாம்னேன்."

"இன்னைக்கு மட்டும் எப்பிடிக் கேட்டுச்சு?"

அக்கா குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு மூலையில் குவிந்து கிடந்த ரப்பர்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் புரிந்தது.

"அப்போ நீ காதால கேட்டதே இல்லையா?" என்றார் மாமா.

"காதாலதான் கேக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேங்க. சத்தியமா." அவளுக்கே அது அதிசயமாக இருந்தது. "தறிக்கூடத்துல யாருங்க காதால கேட்டா? பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாது. தறி மேல கைய வெச்சிட்டு நடப்போம். தரை வழியா காலுக்கு வரும். எந்தத் தறி கெட்டிருக்குன்னு அதுலயே தெரிஞ்சுடும். அது அப்பிடியே பழகிடுச்சு போல."

மாமா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "உன்னக் காப்பாத்தறேன்னு யானைக்கு ரப்பர் செருப்பு போட்டுட்டேனேடி. இருந்த ஒரு காதையும் நானே அடச்சுட்டேனே!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புது பிராக்கெட்டை இன்னும் கனமான இரும்பில் வெட்டி மாமாவே மாட்டினார். மாட்டிவிட்டு ஒரு காரியம் செய்தார். என் பையிலிருந்து பஞ்சை வாங்கிக் காது இரண்டிலும் அடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு யானைமேல் ஏறினார். ஸ்க்ரூடிரைவர் மேஜையில் கிடந்தது. அக்கா வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

"என்னமோ நடுங்குது. அவ்ளோதான்."

அக்கா அவர் பாதத்தைப் பிடித்து நகர்த்தி, குழிந்த நடுப்பாகம் இரும்பில் படும்படி வைத்தாள். பல்லைக் கடிக்க வேண்டாம் என்று சைகை காட்டினாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்கெல்லாம் காதுக்காரர், பஞ்சை அடைத்துக்கொண்டு வெறுங்காலில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். சிரித்துவிடக் கூடாதே என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ரெண்டு சிலிண்டரும் தனித்தனியா வருது" என்றார், பஞ்சு அடைத்த காதோடு, அக்காவைவிட உரக்க. "ஐயோ, இது என்ன! தனித்தனியா வருதே!"

மலைக்குக் கிளம்பினோம். டயரும் செயினும் பெரிய கண்ணாடிகளும் வண்டியோடு இருந்தன. ரப்பர் சமாச்சாரம் எல்லாவற்றையும் மாமா பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். "எங்க கொழுந்தியா சொகுசா வரட்டும்" என்றார். எனக்கென்ன கசக்குமா? மெத்தென்ற சீட்டில், மெத்தென்ற ஃபுட்ரெஸ்டில் ராணி மாதிரி போனேன். வண்டி முந்த வந்தபோது வலது தோளில் தட்டினேன், பயமில்லை என்றபோது இடது தோளில். பசித்தபோது கிள்ளினேன்.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அதற்குமேல் பாதை வளைந்து வளைந்து ஏறும். அக்காவின் முதுகை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் போயிருக்கிறேன், அந்த முதுகுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்னவோ பொறாமையாக இருந்தது. பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தேன். வாழ்நாளில் ஸ்பானரைப் பிடிக்காத கை. ஒரு போல்ட்டுதான். அதைத் தளர்த்தியதும் ரப்பர் உறை கழன்று கையோடு வந்தது. அக்கா டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தாள்.

ஏறும்போது கால் வழியாக வந்தது. முதலில் வெறும் நடுக்கம், மரத்துப்போகிற மாதிரி. நிறைய வளைவுகளுக்குப் பிறகு அது பிரிந்தது. இன்ஜின் இரண்டு துடிப்பாகக் கேட்டது. செயினின் ஓட்டம் தனியாக, அதற்கடியில் டயர் தார் ரோட்டிலிருந்து சரளைக்கு மாறுவது தனியாக. ஏற்றம் கூடினால் துடிப்பு கனத்தது. இதோ, மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தோன்றிய அதே நொடியில் அக்கா கியரைக் குறைத்தாள். அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்த வளைவில் மறுபடி. முன்னாலிருந்த அந்தத் தோள்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கும்பிடத் தோன்றியது.

கணவாயில் வேறு யாரும் இல்லை. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. அக்கா இன்ஜினை அணைத்தாள். இரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினோம். காற்றுகூட இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு இங்க என்ன கேக்குது?"

உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "ஒண்ணுமே கேக்கல."

"எனக்கும்தான்" என்றாள். பையைத் துழாவி காது மெஷினைத் தேடினேன். எடுத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. பையில் இல்லை. மறந்துவிட்டோமா என்று பதறினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தேடாத. அது வீட்டுல இருக்கு. போன வாரமே போயிடுச்சுடி. இந்தத் தடவ நெஜமாவே போயிடுச்சு. மெஷின் போட்டாலும் ஒண்ணும் இல்ல. உங்க உதட்ட மட்டும் பாத்துத்தான் சமாளிச்சிட்டிருக்கேன்."

தூக்கிவாரிப் போட்டது. போன வாரம். அப்படியென்றால் இந்த மலை முழுக்க, இந்த வளைவெல்லாம் காலால் மட்டுமே கேட்டு ஓட்டியிருக்கிறாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர்தான் போயிட்டு வான்னாரு."

யானையை விற்றுவிடு, விற்றுவிடு என்ற மனிதர். கிளம்பும்போது வாசலில் நின்று என் ஃபுட்ரெஸ்டை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பின்னாடி ஏறியிருப்பியா?"

யோசித்தேன். ஏறியிருக்க மாட்டேன். அதை அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அழுதேன். அக்கா அழவில்லை. என் ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டி, வாரைப் பூட்டிவிட்டாள். முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் ஏறி, கால்களை வெறும் இரும்பின்மேல் வைத்தேன்.

ஸ்டார்ட் செய்தாள். உள்ளங்கால் வழியாக இரண்டு துடிப்பும் ஏறி வந்தன.

"கேக்குதா?" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்.

இடது தோளில் தட்டினேன்.